கடைசி ஈ வாய் திறக்காது: குழந்தைக்கு சைலன்ட் ஈ சொற்களைப் பழக்கும் முறை

ஒன்றாம் வகுப்புக் குழந்தை பின், கப், ஹென் போன்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கும். அதனிடம் கைட் என்ற சொல்லை, வானில் விடும் பட்டத்துக்கான சொல்லை, ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள். ‘கிட்டெ’ என்று வாசிக்கும். திட்டாதீர்கள். கண்ணில் படும் எழுத்தை எல்லாம் வாசித்தாக வேண்டும் என்பது தமிழ் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தைக் குழந்தை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் நிற்கும் ஈ என்ற எழுத்து தான் பேசாமல், முன்னால் உள்ள உயிரெழுத்தின் ஒலியை மாற்றிவிடும் என்பதை இனிமேல்தான் அது கற்கப்போகிறது. சைலன்ட் ஈ என்பது இதைத்தான்.

வீட்டில் தமிழ் பேசும், ஐந்தரை முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கான முறை இது. நாளுக்கு 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் ஆறேழு வாரம் பிடிக்கும். வேகமாகப் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கும் ஐந்து வாரத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். வாசிப்பு சீக்கிரம் வந்துவிடும், எழுதுவதற்குத்தான் அந்த அவகாசம்.

ஒரு சொல் முன்கூட்டியே. இங்கே ஆங்கிலச் சொற்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதி, பொருளும் சேர்த்திருக்கிறோம். பொருளைப் பார்த்தால் எந்தச் சொல் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். குழந்தைக்குக் காட்டும் அட்டையிலும் நோட்டிலும் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும். சொல்லின் தலைக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதித் தரும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. இந்தப் பாடத்தில் அது நேரடியாகவே கெடுதல் செய்யும். ஏன் என்பது ஏ வரிசைக்கு வரும்போது தெரியும்.

தொடங்கலாமா என்று பார்க்க

பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள்: சிட் (உட்கார்), ஹென் (கோழி), மாப் (தரை துடைப்பது), கப், ஃபேன், லெக் (கால்), டிக் (தோண்டு), பாட் (பானை), ரன் (ஓடு), பேக் (பை). குழந்தை எட்டைத் தானாக வாசித்தால் தொடங்கலாம். அதற்குக் குறைந்தால் இரண்டு வாரம் இந்த மூன்றெழுத்துச் சொற்களிலேயே இருங்கள். குறில் ஒலி கைவராத குழந்தைக்கு நெடில் ஒலியைக் காட்டினால் இரண்டும் குழம்பிப்போகும்.

எப்படி வாசிக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘எஸ் ஐ டி, சிட்’ என்று பாட்டாகச் சொன்னால் அது வாசிப்பு இல்லை, மனப்பாடம். ‘ஸ்… இ… ட்… சிட்’ என்று ஒலிகளைக் கூட்ட வேண்டும். எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் ஒலி வேறு. பெயர் சொல்லியே பழகிய குழந்தைக்கு இந்தப் பாடத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து உயிர்களின் பெயரும்தான் இங்கே வேலைக்கு வரப்போகின்றன.

முதல் மூன்று நாள் காதுக்கு மட்டும்

தாளும் பென்சிலும் வேண்டாம். நீங்கள் சொல்ல, குழந்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். ‘பின்’ என்றால் உட்காரட்டும், ‘பைன்’ என்றால் எழுந்து நிற்கட்டும். கிட், கைட். ஃபின், ஃபைன். ரிப், ரைப். பத்துக்கு ஒன்பது முறை சரியாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது ஒலிகளை எண்ணுவது. நான்கைந்து புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைட் என்று மெதுவாகச் சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையை நகர்த்தச் சொல்லுங்கள். க், ஐ, ட். மூன்று. இந்த மூன்று என்கிற எண் மிக முக்கியம். நாளைக்கு எழுத்தில் பார்க்கும்போது நான்கு இருக்கும். மூன்று ஒலிக்கு நான்கு எழுத்து என்ற இடைவெளியை எழுத்து வருவதற்கு முன்பே காது உறுதிசெய்திருக்க வேண்டும்.

இங்கே நம் குழந்தைகள் பலர் நான்கு கொட்டை நகர்த்துவார்கள். தமிழ்ப் பேச்சில் வல்லின மெய்யோடு ஒரு சொல்லை முடிக்க நாக்கு ஒப்பாது. கேக்கு, நோட்டு, பஸ்ஸு என்று கடைசியில் ஒரு உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘கைட்டு’ என்று மனதில் கேட்கும் குழந்தைக்கு நான்காவது ஒலியாக அந்த உ இருக்கிறது. பிறகு எழுத்தில் நான்காவதாக ஈ வந்ததும், ‘ஓ, அந்தச் சத்தம்தான் இது’ என்று முடிச்சுப் போட்டுவிடும். பார்ப்பதற்குச் சரியாக எழுதுவது போல இருக்கும். ஆனால் கட், நாட் போன்ற சொற்களின் கடைசியிலும் ஈ போடத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இதைச் சரிசெய்வது எளிது. குழந்தைக்குப் புள்ளி தெரியும். ‘டு வேண்டாம், புள்ளி வெச்ச ட் போதும். நாக்கை மேலேயே ஒட்டிவெச்சு நிறுத்து’ என்று சொல்லிக் காட்டுங்கள். நீங்களும் அந்த 15 நிமிடம் மட்டும் ‘கைட்டு’ என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடக்கு அட்டை

வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். அதன் அட்டை நல்ல கனமாக இருக்கும், உள்பக்கம் பெரும்பாலும் வெற்றாகவும் இருக்கும். 16 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகளாக வெட்டுங்கள். 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் நான்கு கட்டம். முதல் மூன்றில் கிட் என்ற சொல்லின் கே, ஐ, டி. நான்காவதில் ஈ. சின்ன எழுத்திலேயே எழுதுங்கள், பெரிய எழுத்து வேண்டாம். மூன்றாம் நான்காம் கட்டங்களுக்கு நடுவே ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு, ஈ இருக்கும் கட்டத்தைப் பின்புறமாக மடியுங்கள். கோடு இழுக்காமல் மடித்தால் கனமான அட்டை கோணலாக மடங்கும், ஈ பாதி வெளியே தெரியும்.

முதல் வாரம் மட்டும் நடுவில் உள்ள உயிரெழுத்து சிவப்பு, மெய்கள் நீலம். ஈ-யை உள்ளே நிறம் தீட்டாமல் வெறும் கோட்டு வடிவமாக வரையுங்கள், பேசாதது என்று கண்ணுக்குத் தெரியட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. நிறத்தை நீட்டித்தால் குழந்தை நிறத்தைப் பார்த்து வாசிக்கும், பாடப்புத்தகத்தில் அந்த நிறம் இருக்காது.

மடித்த அட்டையைக் காட்டுங்கள். குழந்தை ‘கிட்’ என்று வாசிக்கும். மடிப்பைத் திறந்து ஈ-யைக் காட்டி, நீங்களே ‘கைட்’ என்று வாசியுங்கள். மூடுங்கள், கிட். திறங்கள், கைட். நான்கைந்து முறை நீங்கள் செய்த பிறகு அட்டையைக் குழந்தை கையில் கொடுத்துவிடுங்கள். மடித்து மடித்துத் திறப்பதில் அதற்கு அலுக்கவே அலுக்காது.

பிறகு விளக்கம், நீட்டாமல்: ‘கடைசியில நிக்கிற ஈ வாய் திறக்காது. நடுவுல இருக்கிற ஒரு எழுத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற ஐ-யைத் தட்டி, உன் பேரைச் சொல்லுன்னு சொல்லும்.’ பென்சிலால் ஈ-யிலிருந்து ஐ-க்கு, இடையில் உள்ள டி-யின் கீழாக, ஒரு வளைகோடு போட்டுக் காட்டுங்கள்.

இது தமிழ்க் குழந்தைக்கு முற்றிலும் புதிய விஷயம் இல்லை. ‘கோ’ எழுதச் சொல்லுங்கள். முதலில் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பிறகு துணைக்கால். கொம்பையும் காலையும் தனித்தனியாக வாசிப்பதில்லை. க-வின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றாலும் இரண்டும் சேர்ந்து ஒரே ஓ. கைட் என்ற சொல்லில் ஐ-யும் ஈ-யும் டி-யின் இரண்டு பக்கமும் நிற்பது அப்படித்தான். இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பிரிந்து நிற்கும் இரட்டை எழுத்து’ என்ற பொருளில்தான் வருகிறது. ஒலியின் இடமும் எழுத்தின் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதைத் தமிழ் எழுதும் குழந்தை ஏற்கெனவே கையால் அறிந்திருக்கிறது. அந்த அறிவை எடுத்துக் கொடுத்தால் போதும். ‘கோ’ நன்றாக எழுதத் தெரிந்த குழந்தையிடம் இந்த ஒப்பீடு அரை நிமிடத்தில் வேலை செய்யும்.

‘படிக்காத எழுத்தை எதுக்குமா எழுதணும்?’ என்று கேட்கும் குழந்தைகள் உண்டு. நல்ல கேள்வி, பதில் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அதைப் படித்தார்கள். நேம், அதாவது பெயர் என்ற சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘நாமா’ என்பதுபோல ஈரசையாக ஒலித்தது. நம் நாமம் என்ற சொல் வடமொழி வழியாக வந்தது, அதுவும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. 1400 வாக்கில் பேச்சில் கடைசி ஒலி உதிர்ந்துபோனது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. சும்மா நின்ற எழுத்துக்கு, முன்னால் உள்ள உயிர் எப்படி ஒலிக்கும் என்று காட்டும் வேலை வந்து சேர்ந்தது. லண்டனில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ரிச்சர்ட் மல்காஸ்டர் 1582-லேயே இந்த ஈ-யின் வேலையை விளக்கி எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஆண்டெல்லாம் வேண்டாம். ‘முன்னாடி பேசிச்சு, இப்ப கண்ணைக் காட்டுது’ என்றால் திருப்தியாகிவிடும்.

எந்த வரிசையில்

ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் பலவும் ஏ-யில் தொடங்கும். தமிழ்க் குழந்தைக்கு அது தவறான வாசல். நாங்கள் சொல்லும் வரிசை ஐ, ஓ, யூ, கடைசியில் ஏ.

ஐ முதலில் வருவதற்குக் காரணம், இ-க்கும் ஐ-க்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் காதுக்குப் பளிச்சென்று கேட்கும். ஜோடிகள்: கிட், கைட். பின் (குண்டூசி), பைன் (ஊசியிலை மரம்). ஃபின் (மீனின் துடுப்பு), ஃபைன் (நலம்). ரிப் (கிழி), ரைப் (பழுத்த). பிட் (துண்டு), பைட் (கடி). நாளுக்கு இரண்டு ஜோடிக்கு மேல் புதிதாக வேண்டாம். இவற்றோடு, குழந்தை அன்றாடம் பேசும் சொற்களையும் சேருங்கள்: பைக், டைம், லைன், ஃபைவ், நைன், ஸ்மைல், ஸ்லைட். வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எழுத்தில் கண்டுபிடிக்கும்போது குழந்தைக்கு வரும் உற்சாகம் தனி. முதல் வாரக் கடைசியில் ‘எனக்குப் பட்டம் பிடிக்கும்’, ‘இது என் பைக்’ என்ற அளவில் இரண்டு ஆங்கில வாக்கியம் வாசித்தால் போதும்.

இரண்டாம் வாரம் ஓ. நாட் (இல்லை), நோட். ஹாப் (நொண்டியடி), ஹோப் (நம்பிக்கை). ராட் (கம்பி), ரோட் (சவாரி செய்தான்). தனிச் சொற்கள்: ஹோம், ரோஸ், நோஸ், எலும்பு என்ற பொருளில் போன், கயிறு என்ற பொருளில் ரோப். சிக்கல் அதிகம் வராத வாரம் இது.

மூன்றாம் வாரம் யூ. கட், க்யூட். டப் (தொட்டி), ட்யூப். அஸ் (எங்களை), யூஸ். கப் (சிங்கக்குட்டி), க்யூப் (கனசதுரம்). இங்கே ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. ரூல், ஜூன், ஃப்ளூட் ஆகியவற்றில் யூ என்பது வெறும் ஊ ஆகிவிடும். இந்த எழுத்துகளுக்குப் பின்னால் யூ என்று சொல்ல நாக்கே இடறும், ‘ர்யூல்’ என்று சொல்லிப் பாருங்கள். அதனால் விதியாகச் சொல்ல வேண்டாம். ‘யூ இல்லேன்னா ஊ, ரெண்டையும் சொல்லிப் பாரு, எது நமக்குத் தெரிஞ்ச சொல்லோ அதை வெச்சுக்கோ’ என்பது போதும்.

நான்காம், ஐந்தாம் வாரம் ஏ. இதற்கு மட்டும் இரண்டு வாரம். பின்பக்கம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள்: பேக். அடுப்பில் வைத்துச் சுடுவதற்கான சொல்: பேக். தோளில் மாட்டும் பை: பேக். மூன்று வெவ்வேறு சொற்கள், தமிழ் எழுத்தில் ஒரே உருவம். பூனைக்கான சொல்லும் வாசல் கேட்டும் இப்படியே. பூனையின் பெயரில் நடுவில் வரும் அகன்ற ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது, அதனால் பக்கத்தில் இருக்கும் ஏ-யைக் கடன் வாங்குகிறோம். சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதும்போது, ஈ இல்லாத சொல்லும் ஈ உள்ள சொல்லும் ஒன்றே என்று நம் கையாலேயே குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறோம். ஈ எந்த வேலையும் செய்யவில்லை என்றே அது முடிவுகட்டும். அதன் கணக்குப்படி அது சரிதான்.

எனவே ஏ வரிசைக்கு மீண்டும் காதிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை ஒரு கண்ணாடியோடு. தொப்பி என்ற பொருளில் வரும் கேப் சொல்லும்போது தாடை நன்றாகக் கீழே இறங்கும். குழந்தையின் இரண்டு விரல் பற்களுக்கு நடுவே போகிற அளவுக்கு வாய் திறக்கும், ஒலியும் குறுகியது. தோளிலிருந்து தொங்கும் அங்கியைக் குறிக்கும் கேப் சொல்லும்போது தாடை அவ்வளவு இறங்காது, உதடு சிரிப்பதுபோல விரியும், ஒலி நீண்டு இ-யை நோக்கிச் சாயும். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் ஐந்து முறை சொல்லட்டும். பிறகு மேன் (ஆள்), மேன் (குதிரையின் பிடரிமயிர்). டேப் (தண்ணீர்க் குழாய்), டேப் (ஒட்டும் நாடா). ஹேட் (தொப்பி), ஹேட் (வெறு). நீங்கள் சொல்ல, குழந்தை தாடை இறங்கியதா சிரித்ததா என்று சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு உங்கள் பேச்சிலேயே அவ்வளவு தெளிவாக இல்லையென்றால், முதலில் நீங்கள் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் உச்சரிப்பு தேவையில்லை, இரண்டும் வேறு வேறாகக் கேட்டால் போதும்.

அதன் பிறகுதான் அட்டை. பெயர் என்ற பொருளில் நேம், கேக், கேம், ப்ளேட், லேக் (ஏரி), வாசல் கேட் எல்லாம் இந்த வாரங்களில் வரலாம்.

ஈ-க்கு இந்த வகைச் சொற்கள் மிகக் குறைவு. தீஸ் (இவை), கம்ப்ளீட் என்று இரண்டைக் காட்டிவிட்டுக் கடந்துபோங்கள்.

கலந்து கொடுப்பது

நான்கு நாள் நன்றாகப் போகும். ஐந்தாம் நாள் குழந்தை பின் என்பதைப் பைன் என்று வாசிக்கும். புதிதாகக் கற்றதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பது குழந்தையின் இயல்பு, கூடவே நீங்கள் நான்கு நாளாக மடிப்பைத் திறந்த நிலையிலேயே அதிகம் காட்டியிருப்பீர்கள். நான்காம் நாளிலிருந்தே ஈ உள்ளதும் இல்லாததும் சரிபாதியாகக் கலந்த பன்னிரண்டு சொற்களை, மடிப்பு அட்டை இல்லாமல், வெறும் தாளில் கொடுங்கள். வாசிப்பதற்கு முன் கடைசி எழுத்தை விரலால் தொட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் கண் இடமிருந்து வலமாகப் போகிறது, இந்தச் சொற்களுக்கோ முதலில் கடைசியைப் பார்த்தாக வேண்டும். விரல் தொட்டால் கண்ணும் போகும். மூன்று வாரத்தில் விரல் தேவைப்படாது.

உண்மையாகப் புரிந்ததா, சொல்லை உருவத்தால் மனப்பாடம் செய்ததா என்று தெரிய பொய்ச்சொல் கொடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 2012 முதல் நடக்கும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்ட பொருளில்லாத சொற்கள்தான். பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும், இது அதன் பெயர் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். நீங்களும் மூன்று கண் பூதம் ஒன்றை வரைந்து பெயர் சூட்டுங்கள்: வி-ஓ-எம்-ஈ, இசட்-ஐ-எம்-ஈ, ஜே-ஐ-எஃப்-ஈ. வோம், ஸைம், ஜைஃப் என்று வர வேண்டும். ஈ-யை எடுத்துவிட்டால் வாம், ஸிம், ஜிஃப். ஆறில் ஐந்து சரியாக வந்தால் விதி உள்ளே இறங்கிவிட்டது.

ஊர்ப் பெயர் எழுதிய பலகையைப் பார்த்து, மராட்டிய மாநிலத்துப் பூனாவை ‘ப்யூன்’ என்று வாசித்தால் முதலில் பாராட்டுங்கள், விதியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. அது ஆங்கிலச் சொல் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தையும் சேர்த்துப் ‘புணே’ என்பார்கள் என்று சொன்னால் போதும்.

எழுதுவது தனி வேலை

வாசிக்கத் தெரிந்த சொல் எழுத வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வாசிக்கும்போது ஈ கண்ணெதிரே நிற்கிறது. எழுதும்போது காதில் கேட்காத ஒன்றை நினைவிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் ஒரு சொல்லை மூன்று நாளாவது வாசித்த பிறகே டிக்டேஷனில் கொடுங்கள். வாசிக்காத சொல்லை எழுதச் சொல்லவே கூடாது. அதற்குக் காரணம் குழந்தையின் திறமை அல்ல, ஆங்கிலம்தான். ஏ என்ற ஒலி கேக்கில் ஒரு மாதிரி, மழைக்கான ரெய்ன் என்ற சொல்லில் வேறு மாதிரி, நாளுக்கான டே என்ற சொல்லில் இன்னொரு மாதிரி எழுதப்படுகிறது. ஓ-வுக்கும் அப்படி, சவாரி செய்தான் என்பதற்கும் தெருவுக்கும் ஒலி ஒன்றே, எழுத்து வேறு. கேட்டதை வைத்து மட்டும் எதைப் போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

முறை இது. சொல்லைச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்லி விரலில் ஒலிகளை எண்ணட்டும். எத்தனை ஒலியோ அத்தனை கட்டம் வரையட்டும். கைட்டுக்கு மூன்று, ஸ்லைடுக்கு நான்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு ஒலி என்று நிரப்பட்டும். கடைசியாக, ‘நடுவுல இருக்கிறது தன் பேரைச் சொல்லுதா?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஈ-யைக் கடைசிக் கட்டத்துக்கு வெளியே, ஒட்டி எழுதட்டும். அதற்கென்று ஒரு ஒலி இல்லாததால் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை. பத்து நாள் கழித்துக் கட்டத்தை விட்டுவிட்டு நாலு வரி நோட்டில் நேரடியாக எழுதலாம். ஒரு நாளைக்கு ஆறு சொல்: நான்கில் ஈ இருக்கட்டும், இரண்டில் இல்லாமல் இருக்கட்டும். ஆறிலும் ஈ இருந்தால் குழந்தை யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுப் போகும்.

தப்பு வரும்போது அதன் உருவத்தைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

ஈ-யை விட்டுவிட்டுக் கிட் என்று எழுதினால் மறதிதான், மடக்கு அட்டையை எடுத்துக் காட்டி ‘இப்ப வாசி’ என்றால் தானே திருத்திக்கொள்ளும். நீங்கள் ஈ-யைச் சொல்லித் தராதீர்கள்.

ஈ-யை ஐ-க்குப் பக்கத்திலேயே, டி-க்கு முன்னால் போட்டால், ‘ரெண்டும் ஜோடி’ என்பது மனதில் பதிந்திருக்கிறது, இடம்தான் பதியவில்லை. ‘கோ’வை மறுபடி எழுதச் சொல்லி, கொம்பும் காலும் க-வின் இரண்டு பக்கம் நிற்பதைக் காட்டுங்கள்.

நடு எழுத்தை இரட்டித்து இரண்டு டி போட்டால், அது ‘கைட்டு’ என்ற தமிழ்ப் பேச்சின் இரட்டிப்பு. புளியங்கொட்டைக்குத் திரும்புங்கள்.

கேக்கை ரெய்ன் மாதிரி ஏ, ஐ சேர்த்து எழுதினால் சிவப்புக் கோடு போடாதீர்கள். ‘சத்தம் சரியாப் பிடிச்சிட்டே, இந்தச் சொல்லுக்கு மட்டும் மத்த வழி’ என்று சொல்லி அட்டையைக் காட்டுங்கள். ஒலியைக் கேட்டு எழுதும் குழந்தை அது.

கே-யில் முடியும் சொற்களுக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள், நன்றாகப் பலன் தரும். முன்னால் உள்ள உயிர் தன் பெயரைச் சொன்னால் கே-யும் ஈ-யும். குறுகி ஒலித்தால் சி-யும் கே-யும். பிடிக்கும் என்ற லைக், நக்கு என்ற லிக். சுடு என்ற பேக், பின்பக்கம் என்ற பேக். காது அகன்ற ஒலியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிட்டதா என்பதற்கு இந்தக் கடைசி ஜோடியே நல்ல சோதனை.

விதியை மீறும் சொற்கள்

நாலாம் வாரத்துக்குள் குழந்தை ஹேவ் (வைத்திரு), கிவ் (கொடு), லவ் ஆகியவற்றைச் சந்தித்துவிடும். ‘ஈ இருக்கே, ஏன் கைவ்னு வரல?’ என்று கேட்கும். இந்தச் சொற்களில் ஈ-க்கு வேறு வேலை. வழக்கமான ஆங்கிலச் சொல் வி-யில் முடியாது, சுருக்கிச் சொல்லும் ஒன்றிரண்டு பேச்சுச் சொற்கள் மட்டும் விலக்கு. வி தனியாகக் கடைசியில் நிற்காது என்பதால் ஈ துணைக்கு வந்து நிற்கிறது, உயிரைத் தட்டுவதற்காக வரவில்லை. ஃபைவில் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கிறது. வாழ் என்ற லிவ்வும் நேரலை என்ற லைவும் ஒரே எழுத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஐஸ், முகத்துக்கான ஃபேஸ், பக்கத்துக்கான பேஜ் ஆகியவற்றில் ஈ இன்னொரு வேலையும் பார்க்கிறது. அது இருப்பதால்தான் சி என்ற எழுத்து க் என்று கடுமையாக ஒலிக்காமல் ஸ் ஆகிறது, ஜி என்ற எழுத்து ஜ் ஆகிறது. வீட்டுக்கான ஹவுஸிலும் குதிரைக்கான ஹார்ஸிலும் ஈ இல்லாவிட்டால் கடைசி எஸ் பன்மை போலத் தெரியும். இவற்றை எல்லாம் ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காட்டலாம், அவசரமில்லை.

சம் (கொஞ்சம்), கம் (வா), டன் (முடிந்தது), கான் (போய்விட்டது), ஒன் (ஒன்று), ஆர், வேர் (எங்கே), தேர் (அங்கே) என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அடிக்கடி வருபவை, விதிக்குள் நிற்காதவை. இவற்றை வேறு நிற அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், வாரத்துக்கு இரண்டு மட்டும். ஐ வரிசை உறுதியாகும் முன் இவற்றை நீங்களாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கதைப் புத்தகத்தில் வந்தால் நீங்களே வாசித்துக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

ஈ உதிரும் இடம்

இது இரண்டாம் வகுப்பின் பிற்பகுதிக்கு. ரைட் (சவாரி செய்) என்ற சொல்லோடு ஐ-என்-ஜி என்ற ‘இங்’ சேரும்போது கடைசி ஈ போய்விடும். குழந்தை ஈ-யையும் வைத்து எழுதும், எழுதட்டும். அதன் பிறகு தமிழிலேயே ஒன்றைக் காட்டுங்கள். பாட்டு, இல்லை என்ற இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டில்லை. பாட்டின் கடைசி உகரம் எங்கே போனது? அடுத்து ஒரு உயிர் வந்ததும் நழுவிவிட்டது. ஆங்கிலத்து ஈ-யும், பின்னால் ஐ என்ற உயிர் வந்ததும் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அது செய்துவந்த வேலையை அந்த ஐ பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் ஹாப் (நொண்டியடி) என்பதோடு இங் சேர்க்கும்போது பி-யை இரட்டிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பி மட்டும் இருந்தால் ஐ அதைத் தாண்டி ஓ-வைத் தட்டிவிடும், நொண்டியடிப்பது நம்பிக்கை வைப்பதாகிவிடும். இரண்டு பி நின்றால் தட்ட முடியாது. இரண்டு சொல்லையும் மேலும் கீழுமாக எழுதி, ஐ-யிலிருந்து ஓ-வுக்கு அதே பழைய வளைகோட்டைப் போட்டுக் காட்டுங்கள். மேலே உள்ளதில் கோடு ஒரு பி-யைத் தாண்டி ஓ-வைத் தொடட்டும், கீழே உள்ளதில் இரண்டாவது பி-யோடு முட்டி நிற்கட்டும்.